லாரல்–ஹார்டியின் தொடக்ககாலக் குறும்படங்கள்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒல்லியான ஸ்டான் லாரலும் குண்டான ஆலிவர் ஹார்டியும் அமெரிக்கத் திரைப்படங்களின் நகைச்சுவை இரட்டையர். அவர்கள் நடித்த படங்களை இன்று பலரும் கைப்பேசியில் ஓடும் ஒரு நிமிடத் துண்டுகளாகத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒருவர் வழுக்கி விழுகிறார், இன்னொருவர் முகத்தில் கேக் வந்து அப்புகிறது, துண்டு முடிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தவர்கள், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பதில் வியப்பில்லை. ஏனெனில் அந்தத் துண்டுகளில் இருப்பது விழுதல் மட்டுமே. இந்த இரட்டையரின் கலை விழுவதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள நேரத்தில் இருக்கிறது. அடி விழப்போகிறது என்று நமக்குத் தெரிந்த பிறகும் அவர்கள் எடுத்துக்கொள்ளும் தாமதமும், அடி விழுந்த பிறகு ஹார்டி கேமராவை நோக்கித் திரும்பி நம்மைப் பார்க்கும் அந்த நீண்ட பார்வையும்தான் சிரிப்பை உண்டாக்குகின்றன. அந்தக் காத்திருப்புக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்ளும் வகையில், எந்தப் படத்தை எந்த வரிசையில் எப்படிப் பார்க்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இருவரும் சேர்ந்து நடித்த மௌனக் குறும்படங்கள் 32; பேசும் குறும்படங்கள் 40. அனைத்தையும் வெளியான வரிசையில் பார்க்கத் தொடங்கினால் ஐந்தாறு படங்களுக்குள் சோர்வு வந்துவிடும். முதல் சில படங்களில் அவர்கள் இன்னும் ஓர் இணையாகவே உருவாகவில்லை என்பதே காரணம். ஆகவே நடுவில் தொடங்கி, பின்னோக்கிச் சென்று, அதன் பிறகு முன்னோக்கி வருவதுதான் நல்லது.

முதலில் நல்ல பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

இதை அலட்சியம் செய்தால் மற்றவை எதுவும் பயன்படாது. 1927 முதல் 1929 வரை வெளியான படங்களின் பதிப்புரிமை அமெரிக்காவில் காலாவதியாகிவிட்டதால், இணையத்தில் இவற்றின் பிரதிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, பிரதியின் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டவை. முகம் வெள்ளைத் திட்டாகவும் கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகவும் தெரியும் பிரதியில் ஹார்டியின் நடிப்பில் பாதி காணாமல் போய்விடும். அவர் புருவத்தை எவ்வளவு உயர்த்துகிறார், உதட்டை எவ்வளவு இறுக்குகிறார் என்பது தெரிய வேண்டும். அசல் நெகட்டிவ்களிலிருந்தும் பழைய நல்ல பிரதிகளிலிருந்தும் அண்மைக் காலத்தில் மீட்டெடுக்கப்பட்டு, புளூ-ரே வட்டுகளாக வந்துள்ள பதிப்புகள் கிடைத்தால் அவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து வேகம். மௌனப்பட காலத்தில் நொடிக்கு இத்தனை சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்ற உறுதியான விதி கிடையாது. ஒலி வந்த பிறகே நொடிக்கு 24 என்ற கணக்கு நிலைத்தது. இதனால் பழைய படங்களை வேகமாக ஓடவிட்டு, மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பதுபோல் காட்டும் பிரதிகள் நிறைய உண்டு. மற்ற மௌன நகைச்சுவைப் படங்களுக்கு இது ஓரளவு கேடு என்றால், லாரல்–ஹார்டிக்கு இது முழுக் கேடு. நிதானத்தையே ஆதாரமாகக் கொண்ட நடிப்பில் வேகத்தைக் கூட்டினால் எதுவும் மிஞ்சாது. இரண்டு ரீல் (படச்சுருள்) குறும்படம் ஒன்று ஏறக்குறைய இருபது நிமிடங்கள் ஓடும். உங்களிடம் உள்ள பிரதி பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டால், அது வெட்டப்பட்டதாகவோ வேகம் கூட்டப்பட்டதாகவோ இருக்கக்கூடும்.

வண்ணமூட்டப்பட்ட பிரதிகளையும், யாரோ பின்னணியில் கதை சொல்லும் தொகுப்புகளையும், விழும்போதெல்லாம் விசில் சத்தமும் மணியோசையும் சேர்க்கப்பட்ட பிரதிகளையும் தவிர்த்துவிடுங்கள். பியானோவோ சிறிய இசைக்குழுவோ அடக்கமாக வாசிக்கும் பிரதி போதும். 1928 இறுதியிலும் 1929இலும் வந்த சில மௌனப் படங்கள், வசனம் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும் பதிந்த இசைத்தட்டுகளோடு திரையரங்குகளுக்கு அனுப்பப்பட்டன. 'லிபர்ட்டி' அவற்றுள் ஒன்று. அந்த மூல இசையோடு கூடிய பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்.

'பிக் பிசினஸ்' படத்திலிருந்து தொடங்குங்கள்

1929இல் வெளியான இந்தப் படத்தை இயக்கியவர் ஜேம்ஸ் டபிள்யூ. ஹார்ன், கேமராவுக்குப் பின்னால் நின்றவர் பின்னாளில் பெரிய இயக்குநராகப் பெயர்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992இல் இது சேர்க்கப்பட்டது. கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வெயில் காயும் கலிஃபோர்னியாவில் லாரலும் ஹார்டியும் வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் மரம் விற்கிறார்கள், ஒரு வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.

அந்த வீட்டுக்காரராக நடிப்பவர் ஜேம்ஸ் ஃபின்லேசன். ஒட்டு மீசையும், ஒரு கண்ணைச் சுருக்கி மறுகண்ணை விழிக்கும் பார்வையும் அவருடைய அடையாளங்கள். அவர் கதவைச் சாத்தும்போது மரத்தின் கிளை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க மீண்டும் மணியடிக்கிறார்கள். அவர் திறக்கிறார், மூடுகிறார், மறுபடியும் ஏதோ ஒன்று மாட்டிக்கொள்கிறது. இந்தப் பகுதியில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொறுமையிழந்த வீட்டுக்காரர் கத்தரியைக் கொண்டுவந்து மரத்தை வெட்டுகிறார். அதற்குப் பதிலாக இவர்கள் அவருடைய வீட்டில் ஏதோ ஒரு சிறு பொருளைச் சேதப்படுத்துகிறார்கள். அவர் அதற்குப் பதில் செய்கிறார். படம் முடிவதற்குள் ஒரு வீடும் ஒரு காரும் சின்னாபின்னமாகிவிடுகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒருவர் அழிக்கும்போது மற்றவர் தடுப்பதில்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அல்லது இடுப்பில் வைத்துக்கொண்டு, நடப்பதை ஆர்வத்தோடு பார்க்கிறார். முடிந்ததா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே தன் முறையைத் தொடங்குகிறார். வழக்கு மன்றத்தில் எதிர்த்தரப்பு பேசி முடிக்கும்வரை எழுந்திருக்காத வழக்கறிஞரின் ஒழுங்கு அவர்களிடம் இருக்கிறது. கோபம் கொண்ட மனிதர்கள் இவ்வளவு மரியாதையாக முறை வைத்துச் சண்டையிடுவதுதான் இந்தப் படத்தின் நகைச்சுவை. உடையும் கண்ணாடிகளில் அது இல்லை. நிதானமாகத் தொடங்கிய இந்த முறைமை மெல்ல வேகம் பிடித்து, இறுதியில் ஃபின்லேசன் காரைப் பிரித்துப் போடுவதும் இவர்கள் வீட்டுக்குள்ளிருந்து பொருள்களை வீசுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் கட்டத்தை அடைகிறது. அந்த மாற்றம் எந்த இடத்தில் நிகழ்கிறது என்று தேடிப் பாருங்கள்.

தெருவில் ஒரு போலீஸ்காரர் வண்டியில் அமர்ந்தபடி இவை அனைத்தையும் பார்க்கிறார். டைனி சான்ஃபோர்ட் என்ற நடிகர் ஏற்றிருக்கும் அந்தப் பாத்திரம் தலையிடாமல் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறது. அவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. இந்த இடங்களில் நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்கிறோம்.

முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் மூன்று நான்கு பேரையாவது உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். இந்தப் படங்கள் வெளியாவதற்கு முன் திரையரங்குகளில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டன. சிரிப்பு எங்கே வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனித்து அதற்கேற்பப் படத்தொகுப்பைத் திருத்தினார்கள். படத்தில் தேவைக்கு மேல் நீள்வதாகத் தனியே பார்ப்பவருக்குத் தோன்றும் ஒரு முகக்காட்சி, நிறைந்த அரங்கின் சிரிப்பு அடங்குவதற்காக விடப்பட்ட இடைவெளியாக இருக்கலாம்.

அதே படத்தை மீண்டும் பாருங்கள். இம்முறை முகங்களை மட்டும்

புதிதாக வருபவர்கள் அநேகமாகத் தவிர்த்துவிடும் வேலை இது. கதை தெரிந்துவிட்டதே என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் இரண்டாம் முறைதான் நடிப்பு தெரியும்.

ஒருமுறை ஹார்டியை மட்டும் பாருங்கள். அவர் தன்னைக் கனவானாகக் கருதுகிறார். தொப்பியைக் கழற்றும் விதத்திலும், விரல்களை விரித்து மணியை அழுத்தும் விதத்திலும், சங்கடம் வரும்போது கழுத்துப்பட்டையின் நுனியை விரல்களால் படபடவென்று ஆட்டும் விதத்திலும் அந்த எண்ணம் வெளிப்படுகிறது. அவ்வளவு பெரிய உடலை அவ்வளவு மென்மையாக அசைத்த நடிகர்கள் வெகு சிலரே. துன்பம் வந்தவுடன் அவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார். அந்தப் பார்வை நம்மிடம் முறையிடுகிறது: இந்த மனிதனோடு நான் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த முறை லாரலை மட்டும் பாருங்கள். அவர் ஒரு செயலைச் செய்துவிட்டு அதன் விளைவைப் புரிந்துகொள்வதற்குள் பல நொடிகள் கடந்துவிடும். அந்த நொடிகளில் அவருடைய முகத்தில் ஒன்றுமே இருக்காது. பிறகு கண் இமைகள் அடித்துக்கொள்ளும், தலையைச் சொறிவார், முகம் சுருங்கி அழத் தொடங்குவார். அந்த வெறுமையை இவ்வளவு நேரம் தாங்கிப் பிடிப்பது கடினமான நடிப்பு.

இந்த இரு நடிப்பு முறைகளும் வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்தவை. 1890இல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில் நாடகக் குடும்பத்தில் பிறந்த ஸ்டான் லாரல், ஃபிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் பயின்றவர். 1910இல் அந்தக் குழு அமெரிக்கா சென்றபோது சார்லி சாப்ளினும் அவருடன் இருந்தார், சாப்ளினுக்கு மாற்று நடிகராகவும் லாரல் இருந்தார். மேடையில் பார்வையாளர்களை எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம் என்ற கணக்கு அவருக்கு அங்கிருந்து வந்தது. 1892இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஹார்லெம் ஊரில் பிறந்த ஆலிவர் ஹார்டியோ, மில்லஜ்வில் நகரின் திரையரங்கில் படம் ஓட்டியவர். 1914 முதல் சினிமாவிலேயே வளர்ந்தவர். கேமரா அருகில் இருக்கும்போது சிறு அசைவே போதும் என்பதை அவர் அறிந்திருந்தார். என் கருத்தில், இந்த இரட்டையரின் வெற்றிக்கு ஒல்லி–குண்டு வேறுபாட்டைவிட இந்த மேடை–சினிமா வேறுபாடே பெரிய காரணம்.

அடுத்த மூன்று படங்கள்

'பிக் பிசினஸ்' பிடித்திருந்தால், ஓர் இரவுக்கு ஒன்று என்ற அளவில் பின்வரும் மூன்றையும் பாருங்கள். ஒரே அமர்வில் நான்கைந்து படங்களைப் பார்ப்பது இவற்றுக்கு இழைக்கும் அநீதி. இவை முழுநீளப் படத்துக்கு முன்னால் திரையரங்கில் ஒன்றாக மட்டும் காட்டப்படுவதற்கென்று எடுக்கப்பட்டவை.

'டூ டார்ஸ்' (1928): விடுப்பில் வந்த இரண்டு கடற்படை வீரர்கள் வாடகைக் காரில் இரு பெண்களோடு உலா போகிறார்கள், வழியில் வாகன நெரிசல். 'பிக் பிசினஸ்' மூவரிடையே நிகழ்த்தும் பதிலடியை இந்தப் படம் ஒரு நெடுஞ்சாலை முழுவதற்கும் பரப்புகிறது. ஒவ்வொரு காரோட்டியும் தனக்கு நேர்ந்த சேதத்துக்குத் தன் பங்கு நியாயத்தைக் கேட்கிறார்.

'யூ ஆர் டார்ன் டூட்டின்' (1928): பூங்கா இசைக்குழுவில் வேலையிழந்த இரண்டு வாத்தியக்காரர்கள். முதல் பகுதியில் இசைக்குழுத் தலைவருக்கும் இவர்களுக்கும் நடக்கும் போராட்டம், ஒலியே இல்லாத படத்தில் இசையைக் கொண்டு சிரிக்கவைக்கும் அரிய முயற்சி. முடிவில் தெருவில் போகிறவர்கள் அனைவரும் காலில் உதைத்துக்கொள்வதும் கால்சட்டைகளைக் கிழித்துக்கொள்வதும் நடக்கின்றன. இயக்கியவர் எட்கர் கென்னடி. நடிகராகவும் இவர்களுடைய பல படங்களில் வருபவர்.

'லிபர்ட்டி' (1929): சிறையிலிருந்து தப்பிய இருவர் அவசரத்தில் கால்சட்டைகளை மாற்றி அணிந்துவிடுகிறார்கள். மாற்றிக்கொள்ள ஒதுக்குப்புறம் தேடித் தேடி, கட்டி முடிக்கப்படாத வானளாவிய கட்டடத்தின் இரும்புச் சட்டங்களின் மேல் போய் நிற்கிறார்கள். அதற்குள் ஒரு நண்டும் கால்சட்டைக்குள் புகுந்துவிடுகிறது. இதுவரை பார்த்த பதிலடி இதில் இல்லை. அச்சத்தையும் சிரிப்பையும் ஒரே நேரத்தில் உண்டாக்கும் வேறு வகை இது. லியோ மெக்கேரி இயக்கினார்.

மெக்கேரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் ஹால் ரோச்சின் கல்வர் சிட்டி படப்பிடிப்பு நிலையத்தில் இந்தக் குறும்படங்களை மேற்பார்வையிட்டவர் அவர். மற்ற நகைச்சுவை நடிகர்கள் அளவுக்கு மீறிச் செய்துகொண்டிருந்த காலத்தில், இவர்களைக் குறைவாகச் செய்ய வைப்பதென்று முடிவெடுத்தவர்களில் முதன்மையானவர். லாரலின் பங்கும் திரையில் தெரிவதைவிட மிகப் பெரியது: நகைச்சுவைகளை உருவாக்குவதிலும் படத்தொகுப்பிலும் அவர் மாலை கடந்தும் உழைத்தார்; ஹார்டி தன் காட்சி முடிந்ததும் கோல்ஃப் ஆடப் போய்விடுவார். லாரலுக்கு ஊதியம் ஏறத்தாழ இருமடங்கு. அதை ஹார்டி நியாயமென்றே ஏற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது 1927க்குத் திரும்புங்கள்

இணை உருவான விதத்தைப் பார்ப்பதில் தனியான இன்பம் உண்டு. ஆனால் உருவான பிறகு எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த இன்பம் கிடைக்கும். அதனால்தான் இதைத் தள்ளிவைத்தேன்.

1921இல் வெளியான 'தி லக்கி டாக்' படத்தில் இருவரும் வருகிறார்கள். ஹார்டி ஒரு வழிப்பறிக்காரர், அவ்வளவுதான். அதை ஒரு தகவலாகத் தெரிந்துகொண்டால் போதும். 1926 வாக்கில் லாரல், ரோச் நிலையத்தில் நடிப்பதை விட்டு எழுதவும் இயக்கவும் விரும்பிக்கொண்டிருந்தார். அவர் இயக்கவிருந்த ஒரு படத்தில் நடிக்க வேண்டிய ஹார்டி, வீட்டில் சமைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். அந்த வேடத்தை ஏற்க லாரல் மீண்டும் கேமராவுக்கு முன் வந்தார். அதன் பின்னரே இருவரும் ஒரே படங்களில் தொடர்ந்து தோன்றத் தொடங்கினார்கள்.

1927 மார்ச்சில் வந்த 'டக் சூப்', லாரலின் தந்தை எழுதிய மேடைக் குறுநாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. நெடுங்காலம் தொலைந்ததாகக் கருதப்பட்ட இந்தப் படம் 1970களில் மீண்டும் கிடைத்தபோது, ஆய்வாளர்களின் கணிப்பையே மாற்றியது. இணை மெல்ல மெல்ல உருவானதாக எண்ணியிருந்தவர்கள், இவ்வளவு முன்னதாகவே இருவரும் ஒன்றாகச் சுற்றும் நாடோடிகளாக வருவதைக் கண்டார்கள். ஆனால் இதன் பிறகு வந்த சில படங்களில் மீண்டும் தனித்தனியே பிரிந்து நடிக்கிறார்கள். லாரல் துடுக்குத்தனமாகத் துள்ளுவார், ஹார்டி வில்லனாக உறுமுவார். அவற்றை விரைந்து கடந்துவிடலாம்.

'டூ டிடெக்டிவ்ஸ் திங்க்?' படத்தில் பவுலர் எனப்படும் வட்டத் தொப்பியும் பழகிய உடையும் வந்துவிடுகின்றன. 'தி செகண்ட் ஹன்ட்ரட் இயர்ஸ்' படத்தில் சிறைக் கைதிகளாக நடிப்பதற்காக இருவரும் தலையை மழித்துக்கொண்டார்கள். பிறகு லாரலின் முடி வளரும்போது படியாமல் குத்திட்டு நின்றது. அதைக் கண்டு நிலையத்தில் இருந்தவர்கள் சிரிக்கவே, அவர் அதையே நிலையான அடையாளமாக்கிக்கொண்டார். இந்தப் படத்தில் அவர்கள் வண்ணம் பூசுபவர்கள் போல நடித்துச் சிறையிலிருந்து வெளியேறி, போலீஸ்காரர் பின்தொடர்வதால் எதிர்ப்படுவதற்கெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டே போகும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

அதே ஆண்டின் கடைசி நாளில் வெளியான 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' படத்தில் ஒரு தெரு முழுவதும் கேக்குகளை எறிந்துகொள்ளும் புகழ்பெற்ற காட்சி இருக்கிறது. கேக் எறிவது அப்போதே சலித்துப்போன உத்தி. அதனாலேயே, இனி எவரும் செய்ய முடியாத அளவுக்கு அதைப் பெரிதாக்க முடிவெடுத்தார்கள். எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு கேக்கும் யாரோ ஒருவரின் நியாயமான கோபத்திலிருந்து புறப்படுகிறது என்பதைப் பாருங்கள். பல பத்தாண்டுகள் துண்டுகளாக மட்டுமே கிடைத்த அந்தக் காட்சி, 2015இல் இரண்டாம் ரீலின் பிரதி கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் ஏறத்தாழ முழுமையாகப் பார்க்கக் கிடைத்தது. ஆகவே பழைய தொகுப்பு ஒன்றில் பார்த்திருந்தாலும் மீட்டெடுக்கப்பட்ட பதிப்பை மீண்டும் பாருங்கள்.

இதே 1927இல் வந்த 'ஹாட்ஸ் ஆஃப்' இன்றுவரை கிடைக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை நீண்ட படிக்கட்டின் வழியே மேலே தூக்கிச் செல்லும் கதை அது.

ஒலிக்குச் செல்லும் வழி

1929 மே மாதம் 'அன்அக்கஸ்டம்ட் ஆஸ் வி ஆர்' படத்தில் இருவரும் முதன்முறையாகப் பேசினார்கள். அதில் லாரல் படிக்கட்டில் உருண்டு விழுவதை நாம் பார்ப்பதில்லை. சத்தத்தைக் கேட்கிறோம், ஹார்டியின் முகத்தைப் பார்க்கிறோம். மௌனப் படங்களில் அவர்கள் பழகிய முறை ஒலியோடு எவ்வளவு எளிதாகப் பொருந்தியது என்பதை இந்த ஒரு காட்சி காட்டிவிடும். மெதுவாக நடித்தவர்களுக்குப் பேச நேரம் இருந்தது. வேகத்தையே நம்பிய மற்ற மௌன நடிகர்கள் பலருக்கு அந்த நேரம் இருக்கவில்லை.

பேசும் குறும்படங்களில் 'பெர்ஃபெக்ட் டே' (1929), 'ஹாக் வைல்ட்' (1930), 'ஹெல்ப்மேட்ஸ்' (1932) ஆகியவற்றை இந்த வரிசையில் பார்த்துவிட்டு, 'தி மியூசிக் பாக்ஸ்' (1932) படத்துக்கு வாருங்கள். தொலைந்துபோன 'ஹாட்ஸ் ஆஃப்' படத்தின் அதே படிக்கட்டில், இம்முறை ஒரு பியானோவைத் தூக்குகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. நகைச்சுவைக் குறும்படத்துக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஆஸ்கர் விருதை இந்தப் படம் பெற்றது. மூன்று ரீல்கள் நீளம் கொண்டது. பொறுமை பழகியவருக்கு ஒரு நிமிடமும் மிகையாகத் தோன்றாது. பியானோவை உச்சிக்குக் கொண்டுவந்த பிறகு, குன்றைச் சுற்றி வண்டிப்பாதை இருக்கிறது என்று தபால்காரர் சொல்கிறார். இவர்கள் அதற்குச் செய்வது என்ன என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

குறும்படங்கள் 1935இல் நின்றுவிட்டன. முழுநீளப் படங்களுக்குப் போக விரும்பினால் 'சன்ஸ் ஆஃப் தி டெசர்ட்' (1933), 'வே அவுட் வெஸ்ட்' (1937) இரண்டையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். 1941 முதல் வேறு பெரிய நிறுவனங்களுக்காக நடித்த படங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். ரோச்சிடமிருந்து பிரிந்த பிறகு, கதையிலோ படத்தொகுப்பிலோ லாரலின் சொல் எடுபடவில்லை.